இருநூறு பக்கம் தாண்டியும் யார் யார் என்று பிடிபடவில்லை என்றால்

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்ட அளவில் முதலில் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' தொடரில் முதல் நூலான 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' உங்கள் கையில் இருக்கிறது. காட்பாடியிலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போய்வரும் ரயிலில்தான் படிக்க நேரம் கிடைக்கிறது. ஒன்றரை மாதத்தில் இருநூறு பக்கம் முடித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு அத்தியாயமும் வேறு ஆளிடம் போய்விடுகிறது, ஒருவரோடு ஒட்டுவதற்குள் அடுத்தவர் வந்துவிடுகிறார், முன்னால் படித்தது மறந்துபோகிறது என்று வருந்துகிறீர்கள். அதனால் உங்களுக்குப் பிடித்த ஜான், ஆர்யா இருவரின் அத்தியாயங்களை மட்டும் படித்துவிட்டு மற்றதைத் தள்ளிவிடலாமா என்று கேட்கிறீர்கள். கேள்வி அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "தமிழ் மீடியத்தில் படித்த எனக்கு இதெல்லாம் ஒத்துவராதோ?" உங்கள் உண்மையான கேள்வி அந்த வரிதான் என்று நினைக்கிறேன். அதற்குத்தான் நீளமாகப் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நான் வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆங்கில நாவல் பாடம் நடத்துகிறேன். என் வகுப்பில் பாதிக்கு மேல் குடியாத்தம், அணைக்கட்டு, போளூர், செய்யாறு பக்கத்துக் கிராமங்களிலிருந்து தமிழ் மீடியத்தில் படித்து வந்த பிள்ளைகள். பாடத்துக்கு வெளியே, விருப்பப்பட்டவர்களைச் சேர்த்துச் சனிக்கிழமைகளில் பெரிய நாவல்கள் படிப்போம். இந்தத் தொடரை அப்படி மூன்று முறை வெவ்வேறு குழுக்களோடு படித்திருக்கிறேன். நான் சொல்லப்போவது அந்த அனுபவத்திலிருந்து வருவது. மூன்று குழுக்களைப் பார்த்தவன் எல்லா வாசகர்களையும் பார்த்தவன் ஆகிவிட மாட்டான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். முதல் நூலில் முன்கதை ஒன்றும் அதன்பின் 72 அத்தியாயங்களும் இருக்கின்றன. அந்த 72-ஐயும் எட்டுப் பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். எட்டார்டுக்கு 15, கேட்லினுக்கு 11, டெனேரிஸுக்கு 10, ஜானுக்கு 9, டிரியனுக்கு 9, பிரானுக்கு 7, சான்சாவுக்கு 6, ஆர்யாவுக்கு 5. எட்டுப் பேரில் கடைசியாக வருகிறவள் சான்சா, அவளுடைய முதல் அத்தியாயம் பதினைந்தாவது. இருநூறு பக்கம் தாண்டிய நீங்கள் எட்டுப் பேரையும் பார்த்துவிட்டீர்கள். இந்த நூல் முடியும்வரை ஒன்பதாவதாக ஒருவர் தலைப்பில் வரப்போவதில்லை. மேடு ஏறி முடித்த இடத்தில் நின்றுகொண்டு திரும்பிப் போகலாமா என்று கேட்கிறீர்கள். அந்த எட்டில் ஆறு பேர் ஒரே குடும்பம்: அப்பா, அம்மா, பிள்ளைகள். ஏழாவது ஆளான டிரியன் அந்த வீட்டுக்கு வந்த விருந்தாளிகளில் ஒருவன். டெனேரிஸ் மட்டும் கடலுக்கு அப்பால் தனியாக இருக்கிறாள். அதாவது, கதை தொடங்கும்போது ஏழு பேர் ஒரே கூரையின் கீழ் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அப்புறம் ஆளுக்கொரு திசையில் கிளம்புகிறார்கள். இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் உங்களுக்கு அந்த ஒன்றரை மாதம் இவ்வளவு பாரமாக இருந்திருக்காது.

உங்கள் ஆங்கிலத்தைப் பற்றி ஒன்று. மார்ட்டினின் வாக்கியங்கள் பெரும்பாலும் நேரானவை. செய்தித்தாளை அகராதி இல்லாமல் படிக்கிறவருக்கு இவை எட்டாதவை அல்ல. குதிரை, கவசம், கோட்டை சம்பந்தமான சில சொற்கள் புதிதாக இருக்கும், அவை திரும்பத் திரும்ப வருவதால் நூறு பக்கத்தில் பழகிவிடும். என் வகுப்பில் இந்த நூலைப் பாதியில் வைத்தவர்களில் ஆங்கில மீடியத்துப் பிள்ளைகளும் சம அளவில் இருந்தார்கள். எல்லோருக்கும் இடறிய இடம் ஒன்றுதான். அது மொழி சார்ந்தது அல்ல, கதை சொல்லும் விதம் சார்ந்தது.

நம்மில் பலரும் பெரிய நாவல் படிக்கக் கற்றுக்கொண்டது கல்கியிடம். 'பொன்னியின் செல்வன்' 1950-இலிருந்து 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. ஐந்து பாகம், எத்தனையோ பாத்திரங்கள். ஆனால் யாரும் அதில் வழி தவறுவதில்லை. காரணம், கல்கி கூடவே நடந்து வருகிறார். வாருங்கள் வாசகர்களே என்று கூப்பிடுகிறார், இவரை முன்பே பார்த்தோம் அல்லவா என்று நினைவுபடுத்துகிறார், வந்தியத்தேவனை இங்கே விட்டுவிட்டுக் கொஞ்சம் அங்கே போய்வருவோம் என்று சொல்லிவிட்டுத்தான் கூட்டிப்போகிறார். (வந்தியத்தேவன் வாணர் குலம். வாணர்களின் ஊர் நம் திருவல்லம்தான். வேலூரிலிருந்து ராணிப்பேட்டை போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும்.) கல்கியின் அந்தக் கைப்பிடி மார்ட்டினிடம் கிடையாது. அத்தியாயத்தின் தலையில் 'பிரான்' என்று ஒரு பெயர் மட்டும் இருக்கிறது. அதற்குக் கீழே ஆசிரியர் காணாமல் போய்விடுகிறார். பல கதைசொல்லிகள் என்று நாம் பேச்சுக்குச் சொன்னாலும், இவர்கள் யாரும் 'நான்' என்று பேசுவதில்லை. 'அவன்', 'அவள்' என்றுதான் வரும். ஆனால் அந்த ஆள் எதைப் பார்க்கிறாரோ, எதை நினைக்கிறாரோ அது மட்டும்தான் அந்தப் பக்கங்களில் இருக்கும். அவர் கவனிக்காததை உங்களுக்கு வேறு யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். முதல் இருபது பக்கத்தையே எடுத்துக்கொள்வோம், நீங்கள் ஏற்கெனவே படித்துவிட்ட இடம். முன்கதையில் வடக்கே பெருஞ்சுவருக்கு அப்பால் மூன்று காவலர்கள் போகிறார்கள். அவர்களில் மூத்தவன் கேரட். பழைய குளிரில் அவனுடைய இரண்டு காதுகளும் ஒரு சுண்டுவிரலும் போயிருக்கின்றன என்று போகிற போக்கில் ஒரு வரி வரும். அந்தக் காட்டில் நடக்கிற கொடூரத்தை நாம் வில் என்கிறவனின் கண் வழியாகப் பார்க்கிறோம். அடுத்த அத்தியாயம் பிரான். ஏழு வயதுப் பையன். அப்பா ஒரு ஆளின் தலையை வெட்டுவதை முதல்முறையாகப் பார்க்கக் கூட்டிப்போயிருக்கிறார்கள். காவலை விட்டு ஓடிவந்தவன் என்பது குற்றம். அந்த ஆளுக்கு இரண்டு காதும் ஒரு விரலும் இல்லை என்பதைப் பிரான் கவனிக்கிறான். அந்த இடத்தில் அவன் பெயரைச் சொல்லவே மாட்டார்கள். ஆனால் காதுகளை நினைவு வைத்திருக்கும் வாசகருக்கு நெஞ்சு திக்கென்று இருக்கும். அவன் எதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான் என்பது அந்தக் களத்தில் நிற்கிற யாருக்கும் தெரியாது, நமக்கு மட்டும் தெரியும். திரும்பி வரும் வழியில் அண்ணன் ராப், அந்த ஆள் தைரியமாகச் செத்தான் என்கிறான். ஜானோ, பயத்திலேயே அவன் செத்துப்போயிருந்தான், கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது என்கிறான். ஒரே சாவு, பக்கத்துப் பக்கத்தில் நின்று பார்த்த இரண்டு பையன்கள், இரண்டு முடிவு. யார் சரி என்று ஆசிரியர் சொல்வதில்லை. முன்கதையைப் படித்த நீங்கள்தான் சொல்ல முடியும். இந்தத் தொடர் முழுவதுமே இப்படித்தான் ஓடுகிறது. ஒருவர் அத்தியாயத்தில் கிடைத்த பொருளை எடுத்துக்கொண்டு இன்னொருவர் அத்தியாயத்துக்குள் போகிறவர் நீங்கள். பாத்திரங்கள் யாராலும் அது முடியாது.

இதைப் புதுப் பழக்கம் என்று நினைக்காதீர்கள். நான் பிறந்த ஊர் ஆற்காட்டிலிருந்து செய்யாறு போகும் வழியில் உள்ள ஒரு கிராமம். அங்கே திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் படித்துப் பொருள் சொல்வார். இரவில் கூத்து. இன்றைக்கு வில் வளைப்பு, நாளைக்கு ராஜசூயம், அடுத்து துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று இரவு இரவாகப் போகும். கடைசி நாள் காலையில் பதினெட்டாம் போரும் படுகளமும், சாயங்காலம் தீமிதி. ஆட்டக்காரர் களத்துக்குள் எப்படி வருவார் என்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கீழே சலங்கை கட்டின கால் தெரியும், மேலே கிரீடத்தின் நுனி தெரியும், முகம் தெரியாது. உள்ளே இருந்து பாட்டு வரும். கட்டியங்காரன் முன்னால் வந்து, ஐயா நீங்கள் யார், எந்த நாடு, எதற்காக இந்தச் சபைக்கு வந்தீர்கள் என்று கேட்பான். அதற்குப் பதில் சொல்லித்தான் திரை விலகும். அந்த இரவு முழுக்க அந்த ஆளின் கோபமும் துக்கமும்தான் நமக்குக் கதை. மறுநாள் இரவு அவனுக்கு எதிரியின் திரை.

மார்ட்டினின் அத்தியாயத் தலைப்பை நான் அந்தத் திரையாகத்தான் பார்க்கிறேன். 'ஜான்' என்று பார்த்ததும் இரண்டு விநாடி நின்று கட்டியங்காரனின் மூன்று கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். இவன் யார், இப்போது எங்கே இருக்கிறான், எதற்காக அங்கே வந்தான். பதில் மனதில் வந்துவிட்டால் உள்ளே போகலாம். வரவில்லை என்றால் அவனுடைய முந்தைய அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். முழு அத்தியாயத்தையும் மறுபடி படிக்க வேண்டியதில்லை. மற்ற ஏழு பேரையும் அந்த நேரத்தில் மனதில் தூக்கிச் சுமக்கவும் வேண்டாம். ஒரு இரவுக்கு ஒரு வேஷம் போதும்.

அடுத்து மறதி. நீங்கள் அதைக் குற்றம்போல எழுதியிருக்கிறீர்கள். என் பாட்டி பத்து இரவும் பாய் எடுத்துக்கொண்டு கூத்துக்குப் போவார். ஒரு இரவுகூட முழுதாக விழித்திருந்ததில்லை. நடுவில் தூங்குவார், மேளம் உச்சத்துக்குப் போனால் எழுந்து உட்காருவார், பக்கத்தில் இருப்பவரிடம், "துரோபதை சபதம் பண்ணிட்டாளா?" என்று கேட்டுவிட்டு மறுபடி கதைக்குள் போய்விடுவார். பெரிய கதைகள் மறதிக்கு இடம் வைத்துத்தான் கட்டப்படுகின்றன. முக்கியமான ஆளை ஆசிரியர் மறுபடி மறுபடி உங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார். மூன்று முறை வந்தும் உங்கள் மனதில் பதியாத பெயர் என்றால், அது பெரும்பாலும் ஒரு விருந்திலோ படையிலோ வந்துபோகிற பெயர். போகட்டும் விடுங்கள். பின்னால் தேவைப்பட்டால் நூலின் கடைசியில் குடும்பம் குடும்பமாகப் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலை முன்கூட்டியே மனப்பாடம் செய்ய வேண்டாம். முகம் தெரியாத பெயர் மனதில் தங்காது.

பெயர்களில் உண்மையிலேயே குழப்பம் தரக்கூடியவை சில உண்டு. ஜான் என்ற பெயரில் இருவர்: நீங்கள் பின்தொடர்கிற ஜான் ஸ்னோ ஒருவன், கதை தொடங்கும்போதே இறந்துவிட்ட ஜான் ஆரின் இன்னொருவர். ராபர்ட் என்று மன்னரும் இருக்கிறார், ஒரு நோஞ்சான் சிறுவனும் இருக்கிறான். போதாததற்கு ராப் வேறு. பிரான் என்பது பிராண்டனின் சுருக்கம், அதே பெயரில் இறந்துபோன பெரியப்பா ஒருவர் உண்டு. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற நமக்கு இது புதிதல்ல. நம் தெருவில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் எப்படிப் பிரித்துச் சொல்வோமோ அப்படியே இங்கேயும் உங்கள் மனதுக்குள் ஒரு அடைமொழி வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மறுபக்கம், ஒரே ஆளுக்குப் பல பெயர். எட்டார்டைத்தான் நெட் என்கிறார்கள், லார்ட் ஸ்டார்க் என்கிறார்கள், பதவி வந்தபிறகு அரசரின் 'கை' என்கிறார்கள். டெனேரிஸ்தான் டேனி, அவள்தான் கலீசி. அர்ச்சுனனை விசயன், பார்த்தன், தனஞ்சயன் என்று மாற்றி மாற்றிச் சொன்னாலும் நாம் தடுமாறுவதில்லையே. யார் எந்தப் பெயரால் கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். நெட் என்று கூப்பிடுகிறவர் நெருங்கியவர். அதிலேயே உறவு தெரிந்துவிடும்.

குறிப்பு எழுதலாமா என்று சிலர் கேட்பார்கள். இதில் எனக்கு உறுதி இல்லை, சிலருக்கு உதவுகிறது, சிலருக்கு வீட்டுப்பாடம் போல ஆகிவிடுகிறது. ஒரு மாணவி செய்தது மட்டும் எனக்கு மிகவும் பிடித்தது. வீட்டில் தினசரி காலண்டரில் கிழித்த தாள்களைச் சேர்த்து வைத்திருந்தாள். பாத்திரத்துக்கு ஒரு தாள், அதன் பின்பக்க வெள்ளையில் ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் ஒரே ஒரு வரி, தமிழில். 'ஆர்யா: ஊசியை (அவளுடைய வாளின் பெயர் அது) ஒளித்து வைத்திருக்கிறாள், அப்பாவுக்குத் தெரியாது.' 'கேட்லின்: கத்தி கையில், யாருடையது?' நடந்ததையெல்லாம் அவள் எழுதவில்லை. அந்த ஆளுக்கு என்ன வேண்டும், என்ன தெரியாது என்பதை மட்டும் எழுதினாள். அந்தத் தாளையே அந்த நூலுக்குப் பக்க அடையாளமாகவும் வைத்துக்கொண்டாள். மூன்றாம் நூலுக்கு வந்தபோது தாள்கள் தேவைப்படவில்லை என்று என்னிடம் சொன்னாள். தமிழில் எழுதியதுதான் அதில் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. ஆங்கிலத்தில் படித்ததைத் தன் வாயால் தமிழில் சொல்லிப் பார்க்கும்போது, புரிந்ததும் புரியாததும் அங்கேயே பிரிந்துவிடுகின்றன.

இனி நீங்கள் நேராகக் கேட்ட கேள்வி. ஜானும் ஆர்யாவும் சேர்ந்து 14 அத்தியாயம். மீதி 58-ஐத் தள்ளினால் உங்கள் கையில் மிஞ்சுவது கதையில் ஐந்தில் ஒரு பங்கு. அதுவும் சேதமாகி இருக்கும். ஒரு உதாரணம் சொல்கிறேன், முடிச்சை அவிழ்க்காமல். ஆர்யா ஒருநாள் பூனையைத் துரத்திக்கொண்டு ஓடி, அரண்மனைக்கு அடியில் இருட்டில் மாட்டிக்கொள்வாள். அங்கே இரண்டு பேர் தீப்பந்தத்தோடு பேசிக்கொண்டே போவார்கள். அவர்கள் யார் என்று அவளுக்குத் தெரியாது. உருவத்தையும் நடையையும் மட்டும் பார்க்கிறாள். பேச்சில் பாதிதான் காதில் விழுகிறது, அதையும் அப்பாவிடம் போய்க் குழப்பிச் சொல்கிறாள். ஆர்யாவை மட்டும் படிப்பவருக்கு அது ஒரு இருட்டு, இரண்டு நிழல், அவ்வளவுதான். மற்றவர்களின் அத்தியாயங்களையும் கவனமாகப் படித்து வந்தவருக்கு அந்த நிழல்களில் ஒன்று யாருடையது என்று தெரிய ஆரம்பிக்கும், கை நடுங்கும். அந்தச் சந்தோஷத்தை நீங்கள் இழக்கக்கூடாது. ஆகவே முதல் வாசிப்பில் தாண்ட வேண்டாம். பிடிக்காத ஆளின் அத்தியாயம் என்றால் வேகமாகப் படியுங்கள், வர்ணனையை மேலோட்டமாகப் பாருங்கள், உரையாடலை மட்டும் விடாதீர்கள். முழுவதும் ஒருமுறை முடித்தபிறகு ஒரே ஆளின் அத்தியாயங்களைத் தொடர்ச்சியாகப் படிப்பது அருமையான அனுபவம். சான்சாவை நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

யாருக்கு அத்தியாயம் கொடுத்திருக்கிறார்கள் என்பதோடு யாருக்குக் கொடுக்கவில்லை என்பதையும் பாருங்கள். மூத்த மகன் ராபுக்கு ஐந்து நூலிலும் ஒரு அத்தியாயம்கூடக் கிடையாது. மன்னர் ராபர்ட்டுக்கும் இல்லை. சூழ்ச்சி செய்கிறவர்கள் என்று நீங்கள் சந்தேகப்படுகிற வேரிஸ், லிட்டில்ஃபிங்கர் இருவருக்கும் இல்லை. அவர்களை எப்போதும் வெளியே நின்றுதான் பார்க்கிறோம். எனக்கு இது முதலில் உறைத்தது வேலூர்க் கோட்டையை வைத்துத்தான். 1806 ஜூலை 10 விடியற்காலையில் அங்கே சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். கோட்டைத் தளபதி பேன்கோர்ட்டின் மனைவி குழந்தைகளோடு ஒளிந்திருந்து உயிர் பிழைத்து, தான் பட்டதை எழுதி வைத்திருக்கிறார். துப்பாக்கிச் சத்தமும் பயமும்தான் அவர் அறிந்த வேலூர், வெளியே போன கணவருக்கு என்ன ஆனது என்று அவருக்குத் தெரியாது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்து வந்த கில்லெஸ்பிக்கு வேலூர் என்றால் உடைக்க வேண்டிய ஒரு வாசல். உள்ளே சிறைவைக்கப்பட்டிருந்த திப்புவின் பிள்ளைகளுக்கு அது வேறொரு இரவாக இருந்திருக்கும். சிப்பாய்களின் குரலோ பெரும்பாலும் விசாரணையில் பதிவான வாக்குமூலங்களாகத்தான் நமக்கு வருகிறது. அகழிக் கரையில் நடக்கும்போது இந்த நால்வரையும் நான் ஒரே சமயத்தில் நினைக்கப் பழகிக்கொண்டேன். நாவலில் ராபின் மௌனத்தைக் கவனிக்க அந்தப் பழக்கம்தான் உதவியது. அவனைப் பெரும்பாலும் அம்மாவின் பயத்தின் வழியாகவும் தம்பியின் வியப்பின் வழியாகவும்தான் அறிகிறோம். அவன் மனதில் என்ன ஓடியது என்று தெரியாததால்தான் அவனைப் பற்றிய கவலை நம்மை விடுவதில்லை.

போகப்போகப் புதியவர்களும் வருவார்கள். இரண்டாம் நூலில் புதிதாக இருவர், மூன்றாவதில் இன்னும் இருவர். அந்த மூன்றாம் நூலில் ஒரு திரை விலகும்போது, அதுவரை நீங்கள் மனதாரத் திட்டிக்கொண்டிருந்த ஒருவர் நிற்பார். பெயரைச் சொல்ல மாட்டேன். என் முதல் குழுவில் ஒரு பையன் அந்த அத்தியாயத்தைப் படிக்கவே மாட்டேன் என்று நூலை மூடிவிட்டான். நான் அவனிடம் படுகளத்தைப் பற்றிக் கேட்டேன். மண்ணால் செய்து மல்லாத்திக் கிடத்திய துரியோதனன், தொடையில் அடி. பத்து நாளாக அவனைச் சபித்துக்கொண்டிருந்த ஊர்தான் சுற்றி நிற்கும். அப்போது அவன் மனைவி பெருந்திருவாள் வேஷம் கட்டியவர் வந்து உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார். நான் சிறுவனாக இருந்தபோது அந்த ஒப்பாரிக்கு என் பாட்டி முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். அவன் செய்ததை யாரும் மன்னிக்கவில்லை. ஆனால் அவன் வீட்டு வாசலில் நின்று ஒரு முறை பார்த்துவிட்டார்கள். அந்தப் பையன் அடுத்த சனிக்கிழமை அந்த நூலை முடித்துவிட்டு வந்தான்.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க ஒரு விவரம். தொடரில் இதுவரை வந்தவை ஐந்து நூல்கள்: 1996, 1998, 2000, 2005, 2011. நம் கடைகளில் பெட்டியாகக் கிடைக்கிற பதிப்பில் ஏழு புத்தகம் இருக்கும், ஏனென்றால் மூன்றாவதையும் ஐந்தாவதையும் இரண்டிரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். நான்காவதும் ஐந்தாவதும் காலத்தில் ஒன்றன்பின் ஒன்று அல்ல. எழுதியது பெருகிப்போனதால், கதையைப் பாதியில் வெட்டாமல் ஆட்களையும் இடங்களையும் பிரித்து, ஒரே காலத்தை இரண்டு நூலாக ஆக்கியதாக ஆசிரியரே நான்காவதின் இறுதியில் சொல்கிறார். அதனால் நான்காவதில் உங்கள் ஜான் ஏறக்குறைய காணாமல் போய்விடுவான், பதற வேண்டாம். ஐந்தாவது, காலத்தில் பின்னுக்குப் போய்த் தொடங்கி, பிற்பகுதியில் நான்காவதைத் தாண்டிப் போகும். வியாச பாரதத்தில் சஞ்சயன் வந்து பீஷ்மர் விழுந்துவிட்டார் என்று திருதராஷ்டிரனிடம் முதலில் சொல்லிவிட்டு, அப்புறம்தானே முதல் நாள் போரிலிருந்து சொல்ல ஆரம்பிக்கிறான். அந்த மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்புகளும் அங்கே மாறும், பெயருக்குப் பதிலாகச் சில இடங்களில் பட்டமோ பதவியோ மட்டும் இருக்கும். இரண்டு நூலையும் கலந்து, காலவரிசையில் அத்தியாயங்களை அடுக்கிப் படிக்க வாசகர்கள் போட்ட வரிசைகள் இணையத்தில் இருக்கின்றன. அது நல்லதா என்று கேட்டால், முதல் முறைக்கு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வேறு மாதிரி நினைக்கிற நல்ல வாசகர்களும் இருக்கிறார்கள். ஐந்தாவது வந்த பிறகு ஆறாவதுக்காக உலகம் முழுக்க வாசகர்கள் பல ஆண்டுகளாகக் காத்திருக்கிறார்கள். முடிவு தெரிந்தே ஆக வேண்டும் என்பவர்கள் இதை மனதில் வைத்துத் தொடங்குவது நல்லது.

டிவி தொடரைப் பார்த்துவிட்டுப் படிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். முகங்கள் மனதில் பதியும், அது ஒரு உதவிதான். ஆனால் கேமரா எல்லோரையும் வெளியே நின்று பார்க்கிறது, அறையில் இருக்கும் நான்கு பேரையும் ஒரே மாதிரி காட்டுகிறது. நூலில் அந்த நால்வரில் ஒருவரின் தலைக்குள் மட்டும் நீங்கள் இருப்பீர்கள். பார்த்துவிட்டு வந்தவர்கள் அடுத்து என்ன என்பதைத் தேடி அவசரமாகப் புரட்டுவதை என் குழுக்களில் கண்டிருக்கிறேன். முதல் நூலையாவது முடித்துவிட்டுப் பாருங்கள்.

ரயிலில் படிப்பது உங்களுக்குச் சாதகம். பத்துப் பத்துப் பக்கமாக அமைந்த அத்தியாயங்கள் இவை. காட்பாடியில் ஏறி அரக்கோணம் வருவதற்குள் இரண்டு முடியும். ஒரு அத்தியாயத்தை நடுவில் விட்டு இறங்காதீர்கள், அது ஒன்றுதான் நான் கறாராகச் சொல்கிற விதி. இறங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது புது அத்தியாயம் தொடங்காமல், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இப்போது முடித்த ஆளை மட்டும் நினைத்துக்கொண்டு வாருங்கள்.

விட்ட இடத்திலிருந்தே நாளைக்குத் தொடர வேண்டாம். முன்கதையையும் பிரானின் முதல் அத்தியாயத்தையும் மட்டும் இன்றிரவு வீட்டில் ஒருமுறை திரும்பப் படியுங்கள், இருபது பக்கம்தான். கேரட்டின் காதைப் பற்றிய வரி எங்கே வருகிறது என்று தேடிப் பென்சிலால் கோடு போடுங்கள். அப்புறம் பிரான் அந்த ஆளைப் பார்க்கிற வரிக்கும் ஒரு கோடு. நாளைக் காலை ரயிலில் இருநூறாம் பக்கத்தைத் திறக்கலாம்.